லம்துவன் எல்லா ஸ்டாப்பிலும் இறக்கிவிட்டாள்

லம்துவன் பேச்சை எடுத்தாலே எங்கள் பஸ் நிலையத்தில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அவள் போலீஸ்காரனை அறைந்தாள் என்கிறான் கோழி சுடுகிறவன். பஸ்ஸை அவளே ஓட்டிக்கொண்டு பறந்தாள் என்கிறாள் காப்பி வண்டிக்காரி. அத்தனையும் புளுகு. அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். என் பெயர் பயோம். டிரைவர்கள் வண்டியைக் காக்கும் தாய்க்குக் கண்ணாடி ஓரம் தொங்கவிடுகிற மல்லிகைச் சரம் கட்டி விற்கிறேன். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், கேளுங்கள்.

லம்துவன் வடகிழக்கில் ரோய் எட் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயதில் பேங்காக்குக்கு வந்தாள். பத்துப் பதினோரு வருடம் தையல் ஆலை, அப்புறம் எங்கள் வழித்தடத்துச் சிவப்பு பஸ்ஸில் கண்டக்டர். ஏசி கிடையாது, பலகைத் தரை, மழை பெய்தால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவன் தனியாகக் குளிக்க வேண்டியதில்லை. அதில் இருபத்தெட்டு வருடம் நின்றுகொண்டே வாழ்ந்தாள். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு தகரக் குழல். டிக்கெட் சுருளும் சில்லறையும் அதற்குள். மூடியைத் திறந்து மூடி சடக் சடக் என்று தட்டிக்கொண்டு அவள் வந்தால் தூங்குகிறவனும் எழுந்து பையைத் துழாவுவான். புருஷன் தைவானுக்கு வேலைக்குப் போனான். முதல் வருடம் வாரம் ஒரு போன், அடுத்த வருடம் மாதம் ஒரு போன், அப்புறம் ஆளையே காணோம். "அவன் எறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டான்டி, விடு" என்பாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

வாய் மட்டும் ஊருக்கே போதும். "உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்லயே நிக்கறதுக்கு நீங்க என்ன கோயில் வாசல் பூதமா?" என்று அவள் போடும் சத்தத்தில் கோட்டு சூட்டுப் போட்டவனும் சுருங்கிக்கொண்டு உள்ளே போவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வருமே, அப்போது லம்துவன் முன்னால் யாரும் அசையக்கூடாது. பஸ் நிலையத்தில் எவனாவது போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போச்சு. "காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? எந்திரி!" என்று பாட்டு முடிந்த கையோடு பிடித்துக்கொள்வாள். நானே ஒருநாள் நார் அறுந்துவிட்டதே என்று குனிந்துவிட்டேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்டவள்.

அவளுக்கு ஒரு தம்பி, கம்பான். பத்து வருடத்துக்கு முன்னால் கிராமத்து ஜனங்கள் அரசாங்கத்தை எதிர்த்துச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தலைநகருக்குத் திரண்டு வந்தார்களே, அதில் அவனும் வந்தான். ராணுவம் சுட ஆரம்பித்ததும் ஓடிப்போய் ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கிறான். சீருடைக்காரர்கள் வந்து கதவைத் தட்டியதும் அந்த பஸ் கண்டக்டர் கதவைத் திறந்து, "அதோ, கடைசி சீட்டு" என்று கை காட்டிவிட்டாளாம். கம்பான் இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறான். எனக்கு இதை லம்துவன் ஒரே ஒருமுறைதான் சொன்னாள். "அந்தப் பொம்பளை மேல எனக்குக் கோவம் இல்ல பயோம். அவ எடத்துல நான் இருந்தா நானும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். அதை நெனைச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது" என்றாள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். மாணவர்கள் தெருவுக்கு வந்திருந்த வருடம். அரசாங்கம் இறங்கு, சட்டத்தை மாற்று என்று சின்னப் பிள்ளைகள், பள்ளிச் சீருடை கலையாத பிள்ளைகள், எதிர்ப்புக்கு அடையாளமாக மூன்று விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் போலீஸ் தண்ணீர் அடித்தது. சும்மா தண்ணீர் இல்லை. கண்ணும் தோலும் எரிகிற மருந்து, அதில் நீலச் சாயம். சாயம் எதற்குத் தெரியுமா? ஓடி வீட்டுக்குப் போனாலும் நீலத்தை வைத்து அடையாளம் கண்டு பிடிக்கலாம் என்று. எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ!

எங்கள் பஸ் கால்வாய்ப் பாலத்தை ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. சந்துக்குள்ளிருந்து பதினோரு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். தலை முதல் கால் வரை நீலம். ஒரு பெண்ணுக்குக் கண்ணே திறக்கவில்லை, மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

"நிறுத்து சனான்" என்றாள் லம்துவன்.

டிரைவர் சனான் எறும்புக்கும் ஒதுங்குகிறவன். ஹாரன் அடிக்கவே யோசிப்பான். "வேணாங்க்கா, வம்பு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"ஓடி வர்றதும் யாரோ பெத்த பொண்ணுங்கதான். நிறுத்துடா!"

நிறுத்தினான். பிள்ளைகள் ஏறித் தரையில் உட்கார்ந்தார்கள். டை கட்டிய ஒரு பெரிய மனிதர் எழுந்து, "இதுங்கள ஏத்தினா நம்ம எல்லாரையும் சேர்த்து உள்ள வைப்பான். இறக்கி விடும்மா" என்றார்.

"சாருக்கு பயமா இருந்தா சார் இறங்கிக்கலாம். மழைகூட விட்டுருச்சு" என்றாள் லம்துவன். அவர் உர்ரென்று உட்கார்ந்தார். இறங்கவில்லை.

அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து அந்தப் பெண்ணின் கண்ணில் ஊற்றினாள். தன் தோள் துண்டால் முகம், கழுத்து, முடி என்று துடைத்தாள். "பேரு என்ன கண்ணு?"

"ஐஸ், பெரியம்மா."

"உடம்பு பூரா எரியுது, பேரு மட்டும் ஐஸ்! உங்க அம்மாவுக்கு வேற பேரே கிடைக்கலியா?" என்றாள். அந்தப் பெண் அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். லம்துவனின் உள்ளங்கை இரண்டும் அதற்குள் நீலமாகிவிட்டன.

இரண்டு சிக்னல் தாண்டியதும் சோதனை. சாலைக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு, நடுவில் ஒரு வண்டி போகிற அளவு இடைவெளி. பக்கத்தில் எட்டு பத்துப் போலீஸ். எங்கள் கதவு மடிப்புக் கதவு, பழுதாகி ஒரு மாதமாகத் திறந்தேதான் கிடந்தது. லம்துவன் படியில் இறங்கி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ஒரு இளம் அதிகாரி வந்தான். முகத்தில் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"நீலமா இருக்கறவங்க எல்லாம் இறங்குங்க."

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நானும் நீலந்தான். என்கிட்ட இருந்து ஆரம்பிக்கறீங்களா?"

"விளையாடாதீங்கம்மா. எனக்கு உத்தரவு."

"தம்பிக்கு எந்த ஊரு? பேச்சைக் கேட்டா நம்ம பக்கம் மாதிரி இருக்கே. கலசினா?"

அவன் முகம் சிவந்தது. "ஊர்க் கதையெல்லாம் அப்புறம். விலகுங்க. இல்லேன்னா உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டி வரும்." படியில் ஒரு காலை வைத்துவிட்டான். உள்ளே ஐஸ் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மணி ஆறு. மேலே பறக்கும் ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் கீதம் ஆரம்பித்தது.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். கால் தானாக நின்றுவிடும். அந்த அதிகாரியும் நின்றான். ஆனால் ஒரு காலைப் படியிலும் ஒரு காலை ரோட்டிலும் வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்க முடியுமா? காலை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நேராக நின்றான். அதுதான் அவன் செய்த தப்பு. தடுப்பை இழுத்து மூட வேண்டியவனும் அப்படியே சிலை. பஸ்ஸுக்குள் எல்லோரும் எழுந்தோம். பதினோரு பிள்ளைகளும் எழுந்து மூன்று விரலைத் தூக்கினார்கள். அதை அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான், ஒன்றும் செய்ய முடியவில்லை.

பாட்டு எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம். முடிந்தது. அவன் காலை எடுத்து முன்னால் வைக்கிறான். லம்துவன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

ஸ்டாப் பெயர் கத்திக் கத்தி உரமேறிய தொண்டை. கேலி இல்லை, கிண்டல் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, நீலக் கை இரண்டும் தொடையை ஒட்டி இருக்க, ஒரு சொல்கூட விழுங்காமல் பாடினாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். அதிகாரி எடுத்த காலைப் பின்னால் வைத்தான். வைக்காமல் என்ன செய்வான்? டை கட்டிய பெரியவர் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். சீருடையில் இருக்கிற ஒருவன் தேசிய கீதம் பாடுகிறவளைப் பிடித்துத் தள்ளினான் என்று ஊர் பார்க்க அவன் தயாரா?

இரண்டாவது முறை முடிந்தது. மூச்சுகூட விடவில்லை அவள், மூன்றாவதைத் தொடங்கிவிட்டாள். அதிகாரியின் நெற்றியில் வேர்வை வழிந்தது. "அம்மா, போதும்மா" என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவள் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

பாதிப் பாட்டில் என் காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. பார்த்தால் சனான், எறும்புக்கும் ஒதுங்குகிற எங்கள் சனான், கியரைப் போட்டுவிட்டான். பஸ் மெதுவாக, ஊர்வலத் தேர் மாதிரி, அந்த இடைவெளிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனது. போலீஸ்காரர்கள் விறைப்பாக நின்று வழியனுப்பினார்கள். அவர்கள் ஓடி வருவதற்குள் நாங்கள் கால்வாய் ஓரம் திரும்பிவிட்டோம். பிள்ளைகள் பத்திரமாக இறங்கிப் போனார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. அதற்குள் அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. பஸ் நிலைய அலுவலகத்தில் மேலாளரும் மஃப்டியில் ஒரு போலீஸ்காரரும். அதன் ஜன்னல் என் பூ மேசைக்கு நேர் மேலே. அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

"தேசிய கீதத்தையே கேலி பண்ணியிருக்கே" என்றார் மஃப்டிக்காரர்.

"கேலியா? எங்க சுருதி தப்புச்சுன்னு சொல்லுங்க சார். முப்பது வருஷமா அந்தப் பாட்டுக்கு அசையாம நின்னவ நான். அது என் பாட்டும்தான். உங்க வீட்டுச் சொத்து இல்ல."

மேலாளர் குழைந்தார். "லம்துவன், நீ ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் நாலு மாசம்தான். முப்பது வருஷம் நின்ன காலு, கடைசியில வெறுங்கையோட போகணுமா? அந்தப் பசங்க எங்க இறங்குனாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. குழலை எடுத்துக்கிட்டு அடுத்த டிரிப்புக்குப் போ. நான் பொறுப்பு."

பூக்கட்டிய என் கை நின்றுவிட்டது. அவளுக்கு வேறு வருமானம் கிடையாது, சேமிப்பு கிடையாது, முட்டி இரண்டும் தேய்ந்த உடம்பு. எனக்குத் தெரியும்.

அப்புறம் சடக் சடக் என்று குழல் சத்தம். "மீன் சந்தை! மீன் சந்தை இருக்கா? எறங்குங்க! பழைய படித்துறை! பொம்பளைப் புள்ளைங்க பள்ளிக்கூடம்! கோயில் வாசல், கோயில் வாசல்! பெரியாஸ்பத்திரி!" பஸ்ஸில் கத்துகிற அதே தொண்டை. வழித்தடத்தில் இருக்கிற முப்பத்தாறு ஸ்டாப்பையும் ஒன்று விடாமல் கத்தினாள். வெளியே காப்பி வண்டிக்காரி கைதட்டினாள், கோழி சுடுகிறவன் விசிலடித்தான். "எல்லா ஸ்டாப்பிலும் எறங்குனாங்க சார். எழுதிக்கோங்க."

"குழலை வச்சுட்டுப் போ" என்றார் மேலாளர்.

வைத்தாள். "மூடிக்கு எண்ணெய் விட்டு வைங்க. இறுகிக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து சனான் உள்ளே போனான். எல்லாம் முடிந்தது, இவன் கொட்டிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். "சார்..." என்று இழுத்தான். "மணி அடிச்சா நிறுத்தறதுதான் சார் என் வேலை. எல்லா ஸ்டாப்பிலும் மணி அடிச்சாங்க. எல்லா ஸ்டாப்பிலும் நிறுத்தினேன்." லம்துவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அவனுக்கும் வேலை போயிற்று. இப்போது காய்கறி லாரி ஓட்டுகிறான், ஹாரன் நன்றாகவே அடிக்கிறான்.

அன்று சாயங்காலம் கம்பான் ஊரிலிருந்து போன் செய்தான். படத்தைப் பார்த்திருக்கிறான். "நீ வழி விடலையாமே அக்கா" என்றானாம். அவ்வளவுதான் பேசினான் என்று என்னிடம் சொன்னாள்.

இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் பசையரிசிச் சோறும் மிளகாய்ச் சட்னியும் விற்கிறாள். மாணவர் கூட்டம் எங்கே என்றாலும் இவள் கூடைதான் முதலில் போய் நிற்கும். ஆறு மணிக்குக் கீதம் வந்தால் இன்றைக்கும் அசையாமல்தான் நிற்கிறாள். ஒரே வித்தியாசம், மூன்று விரல் மேலே இருக்கும்.

மூன்றாவதாக அவர்கள் கூப்பிட்டது என்னை. நான் பூக்கட்டிக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். பொய்தான். அந்தப் பதினோரு பேரும் ஒரே ஸ்டாப்பில்தான் இறங்கினார்கள். யார் வந்து வீட்டுக் கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். இவ்வளவும் சொன்ன நான் உங்களுக்கு அதைச் சொல்வேன் என்றா நினைத்தீர்கள்?