கன்னியப்ப முதலாளியிடம் டிசைன் கூலி வாங்கிய கதை

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன் கிராப் பேப்பரில் கட்டம் அடைக்கக் கற்றுக்கொண்டால் பாதித் தொழில்தான் கற்றவன். அடைத்த கட்டத்துக்குக் கூலி வாங்குவது மீதிப் பாதி. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் முதல் பாதியில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தேன். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "முதலாளி இருக்காரா?" என்று இளித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் வாருங்கள், நீங்கள் நம்ம கட்சி.

என் முதலாளி பேர் கன்னியப்பன். சின்னக் கடை, வெளியே கூலிக்கு ஓடுகிற நாலைந்து தறி. நான் போட்டுக் கொடுத்த மூன்று டிசைனுக்கு நூற்றெண்பது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். தை மாதம் என் தங்கை சரோஜாவுக்குக் கல்யாணம். தென்னேரி மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். "கூரைப்புடவை எங்க செலவு. பெண்ணழைப்புக்கு ஒரு பட்டு மட்டும் நீங்க எடுத்துடுங்க, உங்க ஊர்ல நெய்யறதுதானே" என்றார்கள். அந்த ஒரு பட்டுக்கு நான் நம்பியிருந்தது இந்தப் பாக்கியைத்தான்.

நல்ல நாள்

செவ்வாய்க்கிழமை போனேன். செவ்வாயில் காசு வெளியே போகக்கூடாதாம். புதன்கிழமை சாயங்காலம் போனேன், விளக்கு வைத்தாகிவிட்டது. வியாழன் மத்தியானம் ராகு காலம். அமாவாசைக்குத் தறி லீவு, கூடவே கல்லாவும் லீவு. அஷ்டமி, நவமி பற்றிக் கேட்கவே வேண்டாம். பஞ்சாங்கத்தை அந்த மனிதர் அளவுக்குப் படித்த குருக்களை நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று போனேன். வெள்ளியும் அதுவுமாக லட்சுமியை வெளியே அனுப்புவதா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மெட்ராஸ் வியாபாரி ஒருவர் கத்தை நோட்டை நீட்ட, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். இது மட்டும் ஆகுமா என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னார்: "குடுக்கறதுக்குத்தான்பா நாள் பாக்கணும். வாங்கறதுக்கு எந்த நாளா இருந்தா இன்னா?"

முந்தானை அட்டை

நான் வரைந்ததைப் பார்த்து, தறிக்கு வேண்டிய அட்டைகளில் ஓட்டை குத்திக் கொடுப்பவன் அந்தோணி. அவனுக்கும் அதே கடையில் கூலி பாக்கி. "இப்ப தறி ஏறப்போற டிசைன்ல முந்தானை அட்டையை மட்டும் குடுக்காம வச்சிக்குவோம். பாதில தறி நின்னா தன்னால ஓடி வருவாரு" என்றான். ஆகா, இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

தறி நின்றது. ஆனால் வந்தவர் முதலாளி இல்லை, பிள்ளையார்பாளையத்து முனுசாமி. அந்தத் தறியில் நெய்கிறவர். புடவையை முடித்துக் கொடுத்தால்தான் அவருக்குக் கூலி. சண்டை போடுவார் என்று பார்த்தால், "பசங்களுக்கு நொய்க்கஞ்சிதான் ஓடிக்கினு இருக்குது. அட்டை எப்ப கெடைக்கும் அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தோணி அட்டைகளைக் கட்டிக் கையில் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினான். பிறகு என் பக்கம் திரும்பி, "முதலாளி கல்லாவைப் பூட்டறோம்னு நெனச்சேன்பா, இந்தாளு அடுப்பையில்ல அணைச்சிட்டோம்" என்றான்.

காபி

ஒன்று சொல்ல வேண்டும், கன்னியப்ப முதலாளி ஒரு நாளும் என்னை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. "வாங்க மாஸ்டர்" என்று பக்கத்து ஓட்டலிலிருந்து காபி வரவழைப்பார். வந்திருப்பவர்களிடம், "நம்ம கடை டிசைனெல்லாம் இவர் கைதான்" என்று தோளைத் தட்டுவார். நானும் அசடு மாதிரி பூரித்துப்போய், வந்த காரியத்தை மறந்து வீதிக்கு வந்துவிடுவேன். ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, காபி வேண்டாம், கூலியைக் கொடுங்கள் என்றேன். அவருக்கு நிஜமாகவே முகம் வாடிவிட்டது. "இத்தினி நாளா காபி குடுத்துக்கினு இருக்கேன், ஒரு நாளாவது அதுக்குக் காசு கேட்டிருப்பேனாபா?"

போணி

வழி சொன்னவள் சரோஜா. "கூலி கேட்டுப் போனாத்தானே தொரத்தறாரு? கடை தெறந்ததும் புடவை வாங்கப் போண்ணா. மொத கிராக்கியை எந்தக் கடைக்காரரும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாரு" என்றாள். மறுநாள் அவர் ஊதுபத்தி கொளுத்தும்போதே போய் உட்கார்ந்தேன். போணி என்றதும் மனிதர் பாயை விரித்தார். அரக்கு நிறத்தில் ஒன்றைக் கை காட்டினேன். கரையில் கிளி, நான் போட்ட கிளி. "மத்தது நூத்தியெண்பது, இது மட்டும் எரநூறு. புது டிசைன்பா, ஊர்ல எங்கயும் கெடைக்காது" என்று என்னிடமே சொன்னார்.

பேரம் பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு, "பாக்கியில கழிச்சிக்குங்க, மிச்சம் இருபதுக்கு ரொக்கம் தரேன்" என்றேன். மனிதருக்கு வியர்த்துவிட்டது. போணியைக் கடனில் எழுதினால் நாள் பூராவும் கடன்தான் நடக்கும். திருப்பி அனுப்பினால் அதைவிட மோசம். போணிக்கு முன்னால் கல்லாவைத் திறந்து கொடுக்கவும் முடியாது. கடைசியில் விடுவிடுவென்று பக்கத்து ஓட்டலுக்குப் போய் நூற்றெண்பது கைமாற்று வாங்கி வந்து, கடையிலிருந்து காசு போனதாக ஆகாதபடி என்னைப் படிக்குக் கீழே நிற்க வைத்துக் கூலியைக் கொடுத்தார். அப்படியே நடையைக் கட்டியிருக்கலாமே என்பீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேதான் கொடுத்தார். உள்ளே வந்து அதையே அவரிடம் நீட்டி, சரோஜாவின் ரவிக்கைத் துணிக்கு வைத்திருந்த இருபதையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டு, அடுத்த நிமிஷம் ஓட்டல் கடனை அடைத்துவிட்டு வந்து சொன்னார்: "ராசியான கைபா உனக்கு. அந்தோணியையும் ஒரு நாள் கூட்டிக்கினு வா, அவன் பாக்கியையும் இப்படியே தீத்துடலாம்."

பெண்ணழைப்பில் சரோஜா அந்தப் புடவையில் வந்து நின்றபோது கரையில் இருந்த என் கிளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, நான் போட்ட டிசைனுக்கு ஒரு பைசா குறைக்காமல், கேட்ட நேரத்தில், ரொக்கமாகப் பணம் கொடுத்த ஒரே ஆள் நான்தான்.