கேழ்வரகுக் கஞ்சிக்குப் பிரசாரம்

கள்ளுக்கடை வாசலில் நின்று பெரியவர்களைப் பார்த்துக் குடிக்காதே என்பது சுலபம். பிள்ளைகள் எதிரில் நின்று கஞ்சியைக் குடி என்று சொல்லிப் பார்த்தால்தான் பிரசாரம் எத்தனை கஷ்டமான தொழில் என்று தெரியும். கீரைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கெஞ்சுகிற தாய்மார்களே, அதட்டுகிற தகப்பன்மார்களே, நானும் உங்கள் கட்சிக்காரன்தான்.

கள்ளுக்கடை மறியல் செய்து ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, மாலை போட்டு வழியனுப்பியவர்களுக்கு என் முகம் மறந்துபோயிருந்தது. மயிலாப்பூர்ப் பெரிய மனிதர்கள் நடத்திய ஒரு குழந்தைகள் நலச் சங்கத்தில் பிரசாரகன் வேலை கிடைத்தது. ராயப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கொட்டகை போட்டு, மத்தியானத்தில் பிள்ளைகளுக்கு மோர் கலந்த கேழ்வரகுக் கஞ்சி ஊற்றினார்கள். மரகதம் என்ற அம்மாள் காய்ச்சுவாள். பிள்ளைகள் கிண்ணத்தில் வாங்குவார்கள். வாங்கிச் சாக்கடையில் கொட்டுவார்கள். பொங்கலுக்குள் பிள்ளைகள் குடிக்கப் பழகாவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிடுவது என்று சங்கத் தலைவர் முடிவு சொல்லிவிட்டார். அவர் ஓய்வு பெற்ற ஜட்ஜ். அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

அந்தப் பள்ளியில் படித்த ரிக்‌ஷாக்காரர் பிள்ளைகள் பலருக்குக் காலையில் வீட்டில் அடுப்பே எரியாது. கொட்டகை போனால் மத்தியானமும் பட்டினிதான். ஆகவே பொங்கலுக்குள் கஞ்சிக்குக் கிராக்கி உண்டாக்கியாக வேண்டும்.

நோட்டீஸ்

என் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்த படிப்பு. அதனால் முதலில் ஒரு பிரசுரம் எழுதி, அச்சடித்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தேன். ‘பாலர்களே, விழித்தெழுங்கள்!’ என்று தலைப்பு. மில் அரிசியின் துரோகம், கேழ்வரகின் தியாகம், தவிட்டோடு நாம் தள்ளிவிடுகிற விட்டமின் எல்லாம் அதில் இருந்தன. இன்றைக்கும் சொல்வேன், அப்படி ஒரு பிரசுரம் இந்தப் பட்டணத்தில் வேறு யாரும் எழுதவில்லை.

பள்ளி வாசலில் பட்டாணியும் கமர்கட்டும் விற்கிற கன்னியப்பன் என்று ஒருவன் இருந்தான். மறுநாள் நான் போனபோது பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டு, ஒரு பிரசுரத்தைக் கொடுத்து ஒரு பிடி பட்டாணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் எழுந்து சலாம் போட்டான். “காயிதம் ஷோக்கா கெட்டியா கீது நைனா. அடுத்த வாட்டி இன்னும் கொஞ்சம் அகலமா அச்சடி, பொட்டலம் கட்டத் தோதா இருக்கும்.”

மறியல்

பிரசுரம் தோற்றால் மறியல். எங்கள் இயக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்த வரிசை அது. மணி அடிப்பதற்குள் கன்னியப்பனின் கூடைக்கு முன்னால் குறுக்கே படுத்துவிட்டேன். “பாலர்களே! கமர்கட்டுக்கு அடிமையாகாதீர்கள்!” என்று படுத்தபடியே முழங்கினேன். போலீஸ் லத்தியைத் தாங்கிய முதுகு இது. பள்ளிக்கூடத்து வாசல் மண் என்ன செய்யும்?

பிள்ளைகள் ஒரு நிமிஷம் திகைத்து நின்றார்கள். பிறகு ஒருவன் என்னைத் தாண்டினான். அவ்வளவுதான். என்னைத் தாண்டிப் போய்க் கமர்கட்டு வாங்கி, திரும்பவும் தாண்டி வருவது ஒரு விளையாட்டாகிவிட்டது. கமர்கட்டே வாங்கியறியாத பிள்ளைகள்கூட அன்று வாங்கினார்கள். அஞ்சலை என்ற ரிக்‌ஷாக்காரர் மகள் மட்டும், தாண்டினால் நான் வளராமல் போய்விடுவேன் என்று பரிதாபப்பட்டு என் காலைச் சுற்றிக்கொண்டு போனாள். கூடை காலியானதும் கன்னியப்பன் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். “நாளைக்கும் வந்து படுத்துக்குவியா நைனா? முன்னாடியே சொல்லிட்டா ரெண்டு கூடை சரக்கு எடுத்துக்கினு வருவேன்.”

நற்சாட்சி

பத்திரிகையில் லேகிய விளம்பரம் பார்த்திருப்பீர்கள். சாப்பிட்டுக் குணமானேன் என்று ஒரு ஜமீன்தார் நற்சாட்சி கொடுத்திருப்பார். கேழ்வரகுக்கு நற்சாட்சி சொல்ல என்னைவிடத் தகுந்தவன் யார்? பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்துச் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினேன். “ஜெயிலில் இருந்த காலமெல்லாம் கேழ்வரகுக் களிதான் தின்றேன். இந்தத் தோளைப் பாருங்கள்!” என்றேன். பலமாகக் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கொட்டகைக்குள் ஒரு பிள்ளைகூட நுழையவில்லை. வந்தவள் ஒரு பையனின் தாய்தான், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. “எம்புள்ள இன்னா பூட்டு ஒடைச்சுதா, ஜேபி அடிச்சுதா? இந்த வயசுலயே அதுக்கு இன்னாத்துக்குய்யா ஜெயில் களி ஊத்திப் பழக்கறே?”

படம்

சீமைச் சிகரெட்டுப் பெட்டிக்குள் சின்னப் படங்கள் வைத்துக் கொடுப்பார்கள். படத்துக்காகவே மனிதர்கள் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள். அந்நியச் சரக்கை எரித்த கைதான் என்றாலும் சீமைக்காரன் தந்திரத்தை எரிக்கவில்லையே! தெரிந்த அச்சாபீசில் மீந்துபோன தீப்பெட்டிப் படங்களை வாங்கி வந்தேன். புலி, பயில்வான், ஆகாய விமானம். காலிக் கிண்ணத்தைக் காட்டினால் ஒரு படம்.

கஞ்சிக் குண்டான் காலியாகத் தொடங்கியது. பிள்ளைகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்பக்கம் போவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் காலிக் கிண்ணத்தோடு வருவார்கள். ஒரு வாரம் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். பிறகு ஒருநாள் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அக்கம்பக்கத்து ஆடுகளெல்லாம் சுவர் ஓரமாக வரிசையாக நின்றுகொண்டிருந்தன. படத்தை நிறுத்தினேன். அன்று மாலையே அடுத்த சந்திலிருந்து பாத்திமா பீ என்ற அம்மாள் தேடிக்கொண்டு வந்தார். “நிறுத்திட்டீங்களாமே பாய்? எங்க ஆடு ரெண்டும் இப்பதான் தேறிக்கினு வருது. பக்ரீத் வரைக்கும் மட்டும் படம் குடுங்களேன்.”

அஞ்சலையின் கேள்வி

மார்கழியில் ஒருநாள் அஞ்சலை கஞ்சியைச் சாக்கடையில் சாய்ப்பதைப் பார்த்தேன். முகம் பசியில் வாடிக் கிடக்கிறது, கை கஞ்சியைக் கொட்டுகிறது. கோபம் வந்தாலும் அடக்கிக்கொண்டு, ஏன் என்று கேட்டேன். டிபன் கொண்டுவருகிற குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் அதைத் தர்மக் கஞ்சி என்று கேலி செய்கிறார்களாம்.

“கேலி செய்தால் என்ன? உடம்புக்கு நல்லது, அம்மா” என்றேன்.

“இத்தக் குடுக்கறாங்களே மயிலாப்பூர்க்காரங்க, அவங்க வூட்டுப் புள்ளைங்க இத்தக் குடிக்குதா சார்?”

“இல்லை.”

“நல்லதா இருந்தா அவங்க வூட்டுப் புள்ளைக்குக் குடுக்காம எங்களுக்கா குடுப்பாங்க?”

மயிலாப்பூர்

அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு ஜட்ஜ் வீட்டுக்குப் போனேன். சங்கத்தார் வீட்டுக் குழந்தைகள் ஒரே ஒரு நாள் கொட்டகைக்கு வந்து, எல்லாரோடும் உட்கார்ந்து கஞ்சி குடித்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கூடத்தில் அவருடைய பேரன் பம்பரம் சுற்றிக்கொண்டிருந்தான். ஜட்ஜ் அவனை உள்ளே போகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “தர்மம் பண்றவா பந்தியிலயும் வந்து உக்காரணும்னு எந்த சாஸ்திரத்துல சொல்லியிருக்கு, ஓய்?”

பொங்கலுக்கு முன்னால்

பொங்கல் நெருங்கியது. கொட்டகையைப் பிரிக்கச் சொல்ல ஜட்ஜ் காரில் வந்து இறங்கினார். தியாகராய நகரில் மகள் வீட்டுக்குப் போகிற வழி. பேரனும் காரில் இருந்தான். ஜட்ஜ் தலைமை வாத்தியாரோடு பேசப் போனார். பையன் சும்மா இருப்பானா? இறங்கி வந்து குண்டானை எட்டிப் பார்த்தான். “இன்னா கண்ணு, உனக்கும் வோணுமா?” என்றாள் மரகதம். அவன் தலையாட்டினான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தடுக்கவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

ஒரே மூச்சில் குடித்தான். மேலுதட்டில் கஞ்சி மீசை. கிண்ணத்தை நீட்டி, “இன்னும் கொஞ்சம்” என்றான். மைதானத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்று குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு மரகதத்துக்குக் கை ஓயவில்லை. கேலி செய்த டிபன்காரப் பிள்ளைகளும் கிண்ணம் கேட்டு முட்டி மோதினார்கள். ஜட்ஜ் திரும்பி வந்தபோது குண்டானின் அடி தெரிந்தது.

அவர் பேரனின் மீசையைப் பார்த்தார். வேஷ்டித் தலைப்பால் துடைத்துவிட்டுக் காரில் ஏற்றினார். காலிக் குண்டானை எட்டிப் பார்த்தார். அப்புறம் குரலை உயர்த்தாமல் தீர்ப்புச் சொன்னார்: “கொழந்தைகள் குடிக்கணும்னேன், குடிச்சுட்டா. சொன்ன வார்த்தையை மாத்த மாட்டேன், கொட்டகை இருக்கட்டும். நீர் மட்டும் நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

இத்தனை வருஷப் பிரசாரத்தில் நான் கண்டது, பிள்ளைகள் நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கேட்பதில்லை, பெரிய வீட்டு வாய்க்குள் என்ன போகிறது என்றுதான் பார்க்கிறார்கள் என்பதே.