கட்டுநாயக்காவுக்குப் போன மண் சட்டி

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சிலர் ஊருக்கு வர நேரமில்லாமல், ஒரு விமானத்தில் இறங்கி அடுத்த விமானம் ஏறும் இடைவெளியில் கட்டுநாயக்காவில் சில மணித்தியாலங்கள் நிற்பார்கள். அந்த இடைவெளியில் அவர்களைப் பார்க்க மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து போய்வர முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். நாங்கள் கடந்த மாசியில் போய்வந்தோம். நான் போட்ட திட்டத்தில் பாதிக்கு மேல் நடக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை வாசுகி லண்டனில் இருந்தவள். கணவருக்கு மெல்பேணில் வேலை கிடைத்து அவர் முன்னாலேயே போய்விட்டார். அவளும் ஏழு மாதக் குழந்தை அகிலாவும் பின்னால் போகிறார்கள். வழியில் கட்டுநாயக்காவில் இறங்குவது காலை 6.10, அடுத்த விமானம் மாலை 5.20. ஊருக்கு வந்து திரும்ப அந்த நேரம் காணாது. "நீங்க வாங்கக்கா, அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். அண்ணன் இல்லாமல் வருவதானால் வரத் தேவையில்லை என்பதுபோல இருந்தது அந்தக் குரல்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். குடி என்பது தாய்வழிக் குலம். அண்ணனின் பிள்ளைகள் அவர் மனைவியின், அதாவது என் மச்சாளின், குடி. எனக்கு இரண்டு மகன்கள். அவர்களோடு எங்கள் குடி நின்றுவிடும். ஆகவே அகிலாதான் எங்கள் குடிக்கு இருக்கும் ஒரே பெண்பிள்ளை. கோயில் திருவிழாவில் யார் எங்கே நிற்பது என்று சண்டை பிடிப்பதற்குத் தவிர குடியால் வேறு பயனில்லை என்று நினைப்பவள் நான். ஆனால் அகிலா நாள் முந்திப் பிறந்து ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அவளுக்கு முதல் சோறு அண்ணன்தான் தன் கையால் தீத்த வேண்டும் என்று வாசுகி நேர்ந்திருந்தாள். கரட், அப்பிள், பூசணி எல்லாம் பிள்ளை சாப்பிடுகிறாள். சோறு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

அண்ணன் தவராசா, ஊரில் தவம். கொக்கட்டிச்சோலையில் கல்யாணம் செய்து, எங்கள் வழமைப்படி மனைவி வீட்டோடு இருக்கிறார். வேளாண்மைதான் தொழில். அவர் அகிலாவின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. வீடியோவில் காட்டினால் போனைக் கவிழ்த்துவிடுவார். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கிற புள்ளைய இன்னொரு கண்ணாடிக்குள்ளால பாக்க ஏலாது" என்று ஒருமுறை சொன்னார். பிள்ளை வீட்டுக்கு வந்து குண்டான பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை.

சிக்கல் என்னவென்றால், மாசி மாதம் பெரும்போக அறுவடை. வெட்டு மெசின் ஒரு வட்டைக்குள், அதாவது பலருடைய காணிகள் சேர்ந்த வயல்வெளிக்குள், இறங்கினால், வயல் வயலாக வரிசைப்படிதான் வெட்டிக்கொண்டு போகும். வெட்டாத வயலை மிதித்துக்கொண்டு நடுவில் ஒருவருடைய காணிக்குள் போக முடியாது. நமது முறை தவறினால் மெசின் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை பெய்தால் விளைந்த நெல் சாய்ந்துவிடும். வாசுகி வரும் அதே நாள்தான் அண்ணனின் முறை. அவருடைய காணி வட்டையின் பள்ளப் பக்கம். ஈரம் எங்கே என்று காட்ட ஆள் நிற்காவிட்டால் மெசின் புதைந்துவிடும்.

"வராட்டிப் பரவாயில்லண்ணன், வாசுகிக்கு நான் சொல்லுறன்" என்று போனில் சொன்னேன்.

"நீ வேனைப் பேசு" என்றார். அவ்வளவுதான். பக்கத்து வயல்காரருக்குத் தன் முறையை விட்டுக்கொடுத்து, தான் இரண்டு நாள் பிந்தி நிற்பதாக அவர் ஒத்துக்கொண்டதைப் பிறகு மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன்.

வேன் குருக்கள்மடத்தில் என் வீட்டிலிருந்து மாலை 7 மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. போக வர வாடகை, எண்ணெய்ச் செலவோடு 62,000 ரூபாய். இரயிலில் போனால் செலவு மிகக் குறைவு, ஆனால் குழந்தையோடு நிற்பவர்களை ஏற்றி இறக்க வாகனம் வேண்டும். அண்ணன் அம்பிளாந்துறையிலிருந்து வாவியைக் கடக்கும் பாதையில், அதாவது வாகனங்களையும் ஏற்றும் அந்த மிதவையில், ஐந்து மணிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சாக்கு. சாக்குக்குள் ஒரு மண் சட்டி, மூன்று செங்கல், ஒரு கட்டு விறகு. இடுப்பு மடியில் ஒரு சிறிய துணிப் பொதி. மெசின் வருவதற்கு முன் அரிவாளால் கொஞ்சம் வெட்டி, காயவைத்து, மச்சாள் குத்திக் கொடுத்த புது அரிசி அது.

சாரதி றிபாஸ் காத்தான்குடிக்காரர். எங்கள் வீட்டுக்குப் பல வருடப் பழக்கம். சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தவம் அண்ணன், நாம எயார்போட்டுக்குப் போறமா, வட்டைக்குக் காவலுக்குப் போறமா?"

"உன்ட வேன்ல அடுப்பு இரிக்கா? இல்லையெண்டா பேசாம ஏத்து."

"நாம நிக்கப்போற ஹோட்டல்ல அடுப்பு மூட்ட விடமாட்டானுகள் அண்ணன்" என்றேன்.

"கேட்டியா?"

"இதையெல்லாம் கேக்கத் தேவையில்ல."

"கேக்காம எப்பிடித் தெரியும்? கெம்பஸுக்குப் போய்ப் படிச்ச ஆள் நீ."

நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்ததை அண்ணன் இப்படியான இடங்களில்தான் நினைவுபடுத்துவார்.

பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகச் சுமார் 320 கிலோமீற்றர். தேநீருக்கு இரண்டு இடத்தில் நிறுத்தி, விடியற்காலை 4.30க்கு விமான நிலையத்தில் இருந்தோம். இங்கேதான் முதல் பாடம். நான் இறங்கும் நேரத்தை முதல்நாள் மத்தியானம் பார்த்ததோடு விட்டுவிட்டேன். விமானம் லண்டனிலேயே பிந்திப் புறப்பட்டிருந்தது. 8.40க்குத்தான் இறங்கியது. வாசுகி வெளியே வரும்போது 9.35. இடைவழியில் வெளியே வருபவர்களுக்கான அனுமதியை அவள் முன்கூட்டியே இணையத்தில் எடுத்திருந்தாள். இல்லாவிட்டால் இன்னும் பிந்தியிருக்கும்.

பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். அண்ணன் இரண்டு அடி தள்ளி நின்று, "பயணம் எப்பிடி?" என்று கேட்டார், ஏதோ பக்கத்தில் களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தவளைக் கேட்பதுபோல. பிள்ளையை நேராகப் பார்க்கவில்லை. தொப்பிக்கு வெளியே தெரிந்த ஒரு காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிமிந்து பாருங்கண்ணன். கடிக்கமாட்டாள், பல்லு வரல்ல" என்றாள் வாசுகி.

பிற்பகல் 2.20க்குள் அவள் திரும்ப விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். என் திட்டத்தில் காலைச் சாப்பாடு, கடற்கரை, நீர்கொழும்பு மீன் சந்தை, களப்பில் ஒரு படகுச் சவாரி எல்லாம் இருந்தன. வாவிக் கரையில் பிறந்தவர்களை இன்னொரு வாவியைக் காட்டக் கூட்டிப்போக நினைத்தது என்ன புத்தி என்று இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே அறைக்குப் போனோம். விமான நிலையத்திலிருந்து 9 கிலோமீற்றரில், கடற்கரைக்குப் பின்தெருவில் ஒரு சிறிய ஹோட்டல். பகலுக்கு மட்டும் அறை 9,500 ரூபாய்.

அண்ணன் சாக்கோடு இறங்கியதும் முகாமையாளர் வந்துவிட்டார். மறித்ததற்கு அவரிடம் நல்ல காரணமே இருந்தது: சாப்பாட்டு மண்டபத்துக்குக் கிடுகுக் கூரை, கடற்காற்று வேறு. ஒரு பொறி போதும். வேண்டுமானால் சமையலறையில் மின்சார றைஸ் குக்கர் இருக்கிறது, பயன்படுத்துங்கள் என்றார்.

"புது அரிசிய கரண்ட்லயா?" அண்ணன் சாக்கை இறக்கவில்லை. "நெருப்பில பொங்குறதுதானே புது அரிசி. அது பொங்கிறத நாம பாக்க வேணும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. இரவு முழுவதும் இருந்து வந்த முதுகுவலி, வீணாய்ப் போன மூன்று மணித்தியாலம். "சோறு சோறுதான் அண்ணன். எதில காய்ச்சினா என்ன?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்போது அண்ணனின் போன் அடித்தது. ஊரிலிருந்து மச்சாள். "ஓம்... ஓம்... மேற்கயா?... சரி, படங்கை மட்டும் எடுத்து வை" என்று சொல்லிவிட்டு வைத்தார். படங்கு என்பது நெல் மூடும் பெரிய விரிப்பு. என்னவென்று கேட்டேன். "ஒண்டுமில்ல, கொஞ்சம் இருட்டிக்கிட்டு வருதாம்."

வெட்டாத நெல்லுக்குப் படங்கு உதவாது. அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் முகாமையாளரிடம் திரும்பப் போனேன். என் சிங்களம் அலுவலகச் சிங்களம். கெஞ்சுவதற்கு அதில் சொற்கள் குறைவு. ஆனாலும் சொன்னேன்: இந்த ஆள் தன் வயலை மழைக்கு விட்டுவிட்டு இந்தப் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு தீத்த வந்திருக்கிறார், இன்னும் மூன்றரை மணித்தியாலத்தில் பிள்ளை போய்விடும், பிறகு எப்போது வரும் என்று தெரியாது. முகாமையாளர் தலையைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் என்று வெளியே போய்ப் பார்த்தார். கடைசியில், பின்னால் வாகனம் நிறுத்தும் மணல்வெளியில், மதிலுக்கு மறைவாக, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு மூட்டலாம் என்றார்.

வெற்றியோடு ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணனைக் காணவில்லை. சாக்கு மட்டும் வாசலில் கிடந்தது. சமையலறையில் இருந்தார். றைஸ் குக்கரின் கண்ணாடி மூடிக்குக் கிட்டக் குனிந்து, உள்ளே புது அரிசி நுரைத்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன், விட்டுட்டார்! பின்னால மூட்டலாமாம்!"

"புள்ள அழுவுது. பசிக்குதாக்கும். உன்ட கதை முடியுமட்டும் அது பாத்துக்கொண்டிருக்குமா?" மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுவும் பொங்குதுகா. பாரு, இஞ்ச."

அவர் பக்கத்தில் குனிந்து நானும் பார்த்தேன்.

அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்து அண்ணன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையைச் சவர்க்காரம் போட்டு மூன்றுதரம் கழுவினார். வாசுகி பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். அப்போதுதான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டு அவருடைய மீசையைப் பார்த்தது. ஆறின சோற்றில் ஒரு சிட்டிகை எடுத்து, பால் விட்டு, பெருவிரலால் நசித்து நசித்து மாவாக்கினார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

"என்ட கை சொரசொரப்புகா. அரிவாள் வெட்டு வேற. வாய் நோகுமோ?"

"நோகாது" என்றாள் வாசுகி. "இந்தக் கைக்கெண்டுதானே இவ்வளவு நாளும் குடுக்காம வச்சிருந்தன்."

முதல் வாயை அகிலா துப்பிவிட்டாள். நேராக அண்ணனின் சேட்டில். "குடிக் குணம்" என்றார் அண்ணன். இரண்டாவது வாயை விழுங்கினாள். மூன்றாவதுக்கு அவருடைய விரலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அண்ணன் வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். வாசுகி அழுதாள். நான் போய் யன்னலைத் திறந்தேன். திறக்கத் தேவை இருக்கவில்லை.

அனுமதி எடுத்த அடுப்பை வீணாக்கக்கூடாது என்று மிச்ச அரிசியைப் பின்னால் மண் சட்டியில் பொங்கினோம். வாசுகி, நான், றிபாஸ், இரண்டு வாளியோடு காவல் நின்ற முகாமையாளர், எல்லோரும் சீனிச்சம்பலோடு சாப்பிட்டோம். "அக்கா, இனி அடுத்த முறை சந்தைக்குப் போற திட்டமெல்லாம் வேணாம், கறியை மட்டும் திட்டம் போடுங்க" என்றார் றிபாஸ். 2.15க்கு வாசுகியை விமான நிலையத்தில் விட்டோம். உள்ளே போகும்வரை அவள் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டிக்கொண்டே போனாள்.

திரும்பும் வழியில் ஹபரணை தாண்டியதும் கண்ணாடியில் மழை விழத் தொடங்கியது. பொலன்னறுவையில் கொட்டியது. றிபாஸ் பாட்டை நிறுத்தினார். அண்ணன் வெறும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார்.

இனிப் போகிறவர்களுக்கு: விமானம் உண்மையில் புறப்பட்டுவிட்டதா என்று பார்த்துவிட்டு வேனில் ஏறுங்கள். கைக்குழந்தையோடு வருபவர்கள் வெளியே வர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். திரும்பிப் போக மூன்று மணித்தியாலம் முன்னால் விடுங்கள். இடைவழி அனுமதி பற்றிய விதிகள் மாறுவதால் பயணம் செய்பவரே அரச இணையத்தளத்தில் பார்க்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் பகல் அறை எடுங்கள், சமையலறையைத் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஊர் சுற்றும் திட்டம் போடாதீர்கள். ஐந்து மணித்தியாலத்தில் ஒரு காரியம்தான் நடக்கும். அது எது என்று வருபவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளக் காணியில் நெல் சாய்ந்துவிட்டது. ஈரம் காயும்வரை மெசின் இறங்கவில்லை. ஆள் வைத்துக் கையால் வெட்டியதில் எவ்வளவு மிஞ்சியது என்று அண்ணன் எனக்கும் சொல்லவில்லை. அந்த ஒரு வாய்ச் சோற்றுக்கு இது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை.

ஆனால் இப்போது மத்தியானங்களில் அவர்தான் மெல்பேணுக்கு வீடியோக் கோல் எடுக்கிறார். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அகிலா சோறு சாப்பிடுவதைக் கடைசி வாய் வரைக்கும் பார்க்கிறார். வயல் என்ன ஆனது என்று வாசுகி கேட்கும்போது மட்டும், "போனைப் புள்ளையிட பக்கம் திருப்பு" என்கிறார்.