பின்னால் சிவப்பு பஸ்

விஜேந்திரனுக்குக் கால் சும்மா இருக்காது. வீட்டில் சோறு தின்னும்போதும் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும். பதினெட்டு வருஷமாக ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குத் தனியார் பஸ் ஓட்டுகிற மனுஷன், வேறு எப்படி இருப்பான்?

அவனுடைய சிவப்பு பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால் நாகலிங்கத்தின் வெள்ளை பஸ் புறப்படும். முன்னால் போகிறவனுக்குத்தானே ஆள் கிடைக்கும்! அதனால் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். கொண்டக்டர் கிஷாந்த் பஸ் டிவியில் ஒரு படத்தைப் போட்டதிலிருந்து வம்பு முற்றிப்போனது. படத்தில் இரண்டு கார் ரேஸ்காரர்கள். ஒருவனை ஒருவன் முந்தாவிட்டால் இருவருக்கும் தூக்கம் வராது. டிவி இருப்பதோ விஜேந்திரனின் தலைக்குப் பின்னால். படம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அதில் இஞ்சின் அலறும்போதெல்லாம் இவன் காலும் கீழே போகும். ஜனங்கள் விசில் அடித்தால் தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வான். சரியான கூத்து!

மகள் தக்ஷிகா நுவரெலியாவில் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிறாள். கந்தப்பளைச் சந்தியில் அப்பாவின் பஸ்ஸில்தான் ஏறுவாள். படம் போட்ட வாரத்திலிருந்து ஏறவில்லை. "காலையில ஸ்பெஷல் கிளாஸ்ப்பா, முந்தின பஸ்ல போயிருவேன்" என்றாள். முந்தின பஸ் நாகலிங்கத்தினுடையது! விஜேந்திரனுக்கு வயிறு எரிந்தது. நாகலிங்கத்துக்கு முன்னால் சந்திக்குப் போய், பெற்ற மகளைத் தன் பஸ்ஸில் ஏற்றினால்தான் மனசு ஆறும்.

ஒரு செவ்வாய்க்கிழமை முந்தியே விட்டான். தூறலில், வளைவில், ஹோர்னை அமுக்கிக்கொண்டு. சந்தியில் நின்ற மகளுக்கு நேராக பிரேக்கைப் போட்டான்.

"ஏறும்மா!"

"நீங்க போங்கப்பா. நான் பின்னால வர்ற பஸ்ல வர்றேன்."

"ஏன், ஒங்கப்பன் பஸ்ஸுக்கு என்ன கேடு?"

அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஓட்டுனா பயமா இருக்குப்பா."

பஸ் முழுக்கக் கேட்டது. விஜேந்திரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதற்குள் வெள்ளை பஸ் வந்து, அவளை ஏற்றிக்கொண்டு, இவனைத் தாண்டிப் போனது.

"படத்த நிப்பாட்டுடா" என்றான் கிஷாந்திடம்.

மெதுவாகப் பின்னாலேயே போனான். வெள்ளை பஸ்ஸின் பின்கண்ணாடியில் மகளின் இரட்டைப் பின்னல் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும் என்றிருந்தது அவனுக்கு. நாகலிங்கத்துக்கு அது எப்படித் தெரியும்? பின்னால் சிவப்பைக் கண்டதும் வேகத்தைக் கூட்டினான். வளைவில் வெள்ளை பஸ் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

ஐயோ, புள்ளை உள்ளே! மெதுவாகப் போகச் சொல்லி விஜேந்திரன் லைட்டை அடித்துக் காட்டினான். இந்த ரோட்டில் லைட் அடித்தால் வழி விடு என்றுதானே அர்த்தம்? நாகலிங்கம் இன்னும் அமுக்கினான்.

விஜேந்திரன் பஸ்ஸை ஓரங்கட்டி, இஞ்சினை நிறுத்தினான்.

"என்ன டிரைவரண்ணே, வேலைக்குப் போறவங்க இருக்கோம்ல!" என்று கத்தினார்கள்.

"அண்ணே, பஸ்ஸுக்கு என்ன?" கிஷாந்த் ஓடி வந்தான்.

"பஸ்ஸுக்கு ஒண்ணுமில்லடா. நாம பின்னால வரலன்னு அவனுக்குத் தெரியணும்."

எதிர்மலையில் ரோடு தெரிந்தது. தேயிலைக்கு நடுவே வெள்ளை பஸ் பறந்தது. இரண்டாவது வளைவில் வேகம் குறைந்தது. மூன்றாவதில் நிதானமாக உருண்டது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் விஜேந்திரன் சாவியைத் தொடவில்லை.