ஊசி முனை கிடைக்கும் வரை

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்ப முடியாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் இதில் ஒன்றும் கிடையாது. பட்டப்பகல். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஒரு மாடி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து சட்டை தைக்கிற கம்பெனி.

அங்கே எனக்கு ஊசி கவுன்ட்டரில் வேலை. தைக்கும்போது ஊசி உடைந்தால் புது ஊசிக்கு என்னிடம்தான் வர வேண்டும். சும்மா தர மாட்டேன். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் கொண்டுவர வேண்டும். ஒட்டவைத்துப் பார்த்து, முழு ஊசி ஆனால்தான் புதுசு. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த வரிசையில் தைத்த சட்டை ஒன்றுகூட வெளியே போகாது. போட்டுக்கொள்கிறவர் உடம்பில் குத்திவிடக் கூடாதாம். நியாயம்தான். தைக்கிறவள் உடம்பைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே கிடையாது.

என் தங்கச்சியும் அங்கேதான் காலர் தைத்தாள். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். வேறு நாதி இல்லை.

அன்றைக்குக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தாள். துணி நனைந்து சிவந்திருந்தது. இன்னொரு கையில் உடைந்த ஊசியின் இரண்டு துண்டுகள். ஒட்டவைத்துப் பார்த்தேன். முனையைக் காணோம்.

"முனை எங்கடி?"

"தெரியலக்கா. விரலுக்குள்ள என்னமோ இருக்கிற மாதிரி இருக்கு."

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் சங்கு. வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். சாயங்காலம் சரக்கு ஏறியாக வேண்டும், ஆஸ்பத்திரியெல்லாம் அப்புறம், முதலில் முனையைத் தேடு என்றார். அது விரலுக்குள் இருக்கிறது என்றேன். நீ எப்போது டாக்டரானாய் என்று கேட்டார். மேனேஜர் அறையிலிருந்து ஒரு மாத்திரை வந்தது. வலிக்கு நல்லதாம். அதைப் போட்டுக்கொண்டு மேல்மாடி அறையில் படுக்கச் சொன்னார்கள். முனை கிடைத்ததும் வந்து எழுப்புவார்களாம். அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே படி ஏறினாள்.

என் கையில் காந்தத்தைக் கொடுத்து மண்டிபோட வைத்தார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் விரலுக்குள் இருப்பதை நான் மெஷினுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து. கடைசி வரிசை மெஷின்கள் நின்றன. அப்புறம் அதற்கு முந்தின வரிசை. கர்ர்... கர்ர்... என்ற சத்தம் வரிசை வரிசையாக அடங்கி என்னை நோக்கி வந்தது. கரன்ட் போயிருக்கும் என்று நிமிர்ந்தேன். விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாதி தைத்த சட்டைமேல் கன்னத்தை வைத்து ஒருத்தி. பட்டன் டப்பாவுக்குள் கையை விட்டபடி ஒருத்தி. சங்கு தூணில் சாய்ந்து நின்றார். வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. இஸ்திரிக்காரர் நின்றபடியே தூங்கினார். சூடான பெட்டி துணிமேல் இருந்தது. துணி கருகவில்லை... புகைகூட வரவில்லை. மேசைமேல் ஒரு ஈ. விரலால் தொட்டேன். பறக்கவில்லை.

சின்ன வகுப்பில் இந்த மாதிரிக் கதை ஒன்று படித்திருக்கிறேன். விரலில் குத்துப்பட்டு ராஜகுமாரி தூங்குவாள். அரண்மனையே கூடத் தூங்கும். நூறு வருஷம் கழித்து ஒருவன் வந்து எழுப்புவான். அவள் ராஜா வீட்டுப் பெண், அவளுக்கு வருவான். காலர் தைக்கிறவளுக்கு எவன் வருவான்?

எனக்கு மட்டும் ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். அவ்வளவு கோபத்தில் எவளுக்குத் தூக்கம் வரும்?

மேல்மாடிக்கு ஓடினேன்.

கதவுக்கு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. படுக்கப் போனவளை உள்ளே வைத்து எதற்குத் தாழ்... திறந்தேன்.

இரண்டு கட்டில்கள். ஒன்றில் தங்கச்சி. உதடு வெளுத்திருந்தது. கை முழங்கைவரை வீங்கியிருந்தது. கூப்பிட்டேன். உலுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன். அசையவில்லை.

இன்னொரு கட்டிலில் ஒருத்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

வேலை நேரத்தில் நாங்கள் மேலே போடுகிற கம்பெனிக் கோட்டு நீலம். அவள் போட்டிருந்தது பழுப்பு. கூந்தல் கட்டிலிலிருந்து வழிந்து தரையெல்லாம் கிடந்தது. கதவுவரை வந்திருந்தது.

நான் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காலை எடுத்தேன்.

"எழுப்பாதீங்க."

திரும்பாமலே பேசினாள்.

"முனை கிடைச்சதும் அவங்களே வந்து எழுப்புவாங்க."

"யார் சொன்னா?"

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

குரலில் வருத்தமில்லை. சந்தேகம்கூட இல்லை.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் நீண்டு... இரண்டு கட்டிலுக்கும் நடுவே நீண்டு... தங்கச்சியின் விரலைப் பிடித்திருந்தது.

இழுத்தேன்.

விடவில்லை.

உள்ளே எரிந்துகொண்டிருந்தது அணையவில்லை.

"யாரும் வர மாட்டாங்கம்மா. உன்னை மறந்துட்டாங்க. இவளை விட்டுடு, இவளுக்கு நான் இருக்கேன்."

"அப்ப... எனக்கு?"

"உனக்காகவும் நான் போய்க் கேட்கிறேன்."

பிடி தளர்ந்தது.

தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தூங்குகிறவர்களுக்கு நடுவே நடந்தேன். வாசல் காவலாளியும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாசலைத் தாண்டிய நொடியில், முதுகுக்குப் பின்னால் எல்லா மெஷினும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தன.

தெருவில் போன ஒரு வேனை மறித்து ஏறினேன். விஷம் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். விரலைக் கீறி எடுத்ததைத் தட்டில் போட்டுக் காட்டினார்.

இரண்டு முனைகள் இருந்தன.

ஒன்று பளபளப்பாக, நான் கொடுத்த ஊசியின் முனை. இன்னொன்று துருவேறி, கொஞ்சம் தடியாக. அந்த மாதிரி ஊசியை நான் எவளுக்கும் கொடுத்ததில்லை. என் கவுன்ட்டரிலேயே கிடையாது.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். யாரும் தூங்கவே இல்லை என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போனதாகச் சங்கு கத்தினார். நான் நிற்கவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போய், துருப்பிடித்த முனையை அவர் மேசைமேல் வைத்தேன்.

"முனை கிடைச்சிருச்சு. போய் எழுப்புங்க."

யாரை என்று அவர் கேட்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அவ இன்னும் அங்கதான் இருக்காளா?"

இஸ்திரிக்காரர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். கோட்டு பழுப்பாக இருந்த காலமாம். இந்த மேனேஜர் அப்போது வெறும் சூப்பர்வைசராம். இதே மாதிரி ஒரு பெண், இதே மாதிரி ஒரு மாத்திரை. மற்றவர்கள் போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாது என்று வெளியே தாழ் போட்டாராம். முனை கிடைக்கவே இல்லை. கிடைத்துவிட்டது என்று பொய் சொல்லிச் சரக்கை ஏற்றி அனுப்பினார்கள். அந்தச் சந்தோஷத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்து இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் திறந்தபோது, படுக்கவைத்தபடியே கிடந்தாளாம். இத்தனை வருஷம் இதை மென்று முழுங்கிக்கொண்டு துணிக்கு இஸ்திரி போட்டீரா என்று அவரையும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மேனேஜர் அன்று மதியம் தனியாக மேலே போனார். இறங்கவில்லை. சாயங்காலம் தேடிப் போனவர்கள் அவரைக் கட்டிலில் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தார். பழுப்புக் கோட்டுக்காரி இல்லை. அவள் படுத்திருந்த கட்டிலே இல்லை. அந்த அறையில் எப்போதுமே ஒரே ஒரு கட்டில்தான் என்கிறார்கள்.

அவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு சீராக ஓடுகிறது, உடம்பில் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்து அழுதாள். அவர் வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டபடியே இருக்கிறதாம். மடித்துவைக்க முடியவில்லையாம். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லையாம்... அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

அவள் பிடியை விடச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் போகவில்லை.