பெஞ்சுக்குக் கீழே சேஃப்டி ஷூ

போன செவ்வாய்க்கிழமை என் பேனா கீழே விழாமல் இருந்திருந்தால், நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரி. பள்ளியோடு படிப்பை விட்ட பிள்ளைகள் தேறி வர, அரசு செலவில் ஒரு திட்டம் நடக்கிறது — பஸ் பாஸ், கூடுதல் வகுப்பு, தொழிற்பயிற்சி. அதை மதிப்பிட ஓர் அதிகாரியும், பொதுமக்கள் சார்பில் நானும் போயிருந்தோம். போகிற நாளில் பாதிப் பேராவது வகுப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால்? திட்டத்துக்கு மூடுவிழாதான்.

வகுப்பு நிரம்பி வழிந்தது. அதிகாரி ஆபீஸ் அறையில் பதிவேடு பார்க்க, நான் தலை எண்ணினேன். பேனா நழுவியது. குனிந்தேன்...

வரிசையாக சேஃப்டி ஷூக்கள். தொழிற்சாலையில் போடுகிற கனத்த ஷூ. இன்னும் கம்பெனி வாசலையே மிதிக்காத பிள்ளைகளுக்கு இது ஏது?

எந்த பேட்ச் என்று கேட்டேன். ஆசிரியை எஸ்தரின் முகம் வெளிறிவிட்டது. முன் பெஞ்சில் இருந்த கௌரி என்ற பெண்தான் எழுந்தாள்.

"நாங்க போன வருஷம் படிச்சவங்க சார். நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு நேரா வந்துட்டோம். டீச்சர ஒண்ணும் சொல்லாதீங்க. இந்த கிளாஸ மூடிட்டா என் தங்கச்சி இன்னா சார் பண்ணும்?"

அந்தத் தங்கச்சி எங்கே? வீட்டில். பஸ் பாஸ் இந்த மாதம் இன்னும் வரவில்லையாம். இதே வட்டாரத்தில் இருக்கிற ஆரணியிலிருந்து தினமும் டிக்கெட் எடுத்து வர வழியில்லை. முக்கால்வாசிப் பேருக்கு இதே கதை. பழைய மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பியது தான்தான் என்று எஸ்தர் ஒப்புக்கொண்டார்.

வராந்தாவில் அதிகாரியின் செருப்புச் சத்தம். என் கையில் படிவம். பொய் எழுதவும் கை வரவில்லை, உண்மையை எழுதவும் பயமாக இருந்தது. தேறிப்போனவர்கள் இத்தனை பேர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, அதை எழுத மட்டும் படிவத்தில் கட்டமே இல்லை. ஆத்திரமாக வந்தது.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஷூக்களைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பஸ் பாஸ் ஃபைல் என் டேபிள்லதான் சார் இருக்கு."

படிவத்தின் பின்பக்கம் முழுக்க உண்மையை எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். மேலே என்ன முடிவெடுப்பார்களோ தெரியாது. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன்.

ஒன்று மட்டும் நிச்சயம். இனி எங்கே மதிப்பிடப் போனாலும், முதல் வேலையாகப் பேனாவைக் கீழே போட்டுவிடுவேன்!