வைரவருக்கு ஒரு கால் போத்தல்

அரியாலையில் அந்த வீட்டை நாங்கள் பொறுப்பெடுத்தபோது, கூடத்தின் மேற்குச் சுவரில் ஓர் அரசமரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதன் வேர் சுவருக்குள்ளால் இறங்கி, யன்னல் நிலையைப் பிளந்து, தரைச் சீமெந்தைக் கிளப்பியிருந்தது. ஓடுகளில் பாதி இல்லை. அறைகளில் வௌவால் எச்சம் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. கிணற்றை இறைத்தபோது ஒரு சைக்கிளும், இரண்டு வாளிகளும், ஒரு தையல் மெசினின் தலையும் வந்தன. வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார். அவருடைய பிள்ளைகள் இந்த வீட்டைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார்.

அதைத் திருத்தி, குடியை விட்டவர்கள் சில மாதங்கள் தங்கியிருக்கும் இடமாக நடத்துவது எங்கள் பிரார்த்தனைச் சபையின் திட்டம். சபை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் கூடித் தேவாரம் பாடும் பதினைந்து பேர், பெரும்பாலும் இளைப்பாறியவர்கள். அதை நடத்தியவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த ஓர் அம்மா. அவரை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டோம். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி வந்து படுத்தவர்களை வார்டில் பார்த்துப் பார்த்து அலுத்தவர். ஆஸ்பத்திரியில் குடி நின்றுவிடுகிறது, வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பத் தொடங்குகிறது, நடுவில் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர் சொல்லிவந்தார். காலையில் முழுக்கு, திருநீறு, இரண்டு வேளை பிரார்த்தனை, பகல் முழுவதும் கைக்கு வேலை. வாசல் படலைக்குள் ஒரு துளி சாராயமும் வரக்கூடாது. இந்த விதிகளை எழுதிக் கொடுத்தது நான். பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியே காலத்தைக் கழித்தவன் என்பதால், சபையின் எழுத்து வேலைகள் எல்லாம் என்னிடம் வந்து சேரும்.

நான் அதில் சேர்ந்தது பக்தியால் அல்ல. எனக்கொரு தம்பி. வயது ஐம்பத்திரண்டு. பஸ்ஸில் நடத்துநராக இருந்து அந்த வேலையை இழந்தவன். மூன்றாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து போனபோது, நெல்லியடியில் இருக்கும் அவனுடைய மனைவி கதவைத் திறக்கவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொன்னதில்லை. பிறகு ஒன்றரை வருடம் என் வீட்டின் பின்னறையில் இருந்தான். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமலே மெலிந்துபோனாள். அவன் குடிக்காத நாள்களிலும் அவன் நடக்கும் சத்தத்தை இருவரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்போம். கால் இழுபடுகிறதா, சரியாக வைக்கிறானா என்று. அரியாலை வீடு எழும்பினால் அவன் அங்கே போய்விடுவான். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். அவன் திருந்துவான் என்று எதிர்பார்க்கும் சக்தி எனக்கு இரண்டாவது முறையோடு தீர்ந்திருந்தது.

ஆனி மாதத்தில் நாலாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன், மேசன்மாரோடு வேலைக்குப் போகிறேன் என்று தானாகவே கேட்டான். மணல் அரித்தான், சாந்து குழைத்தான், கழற்றிய ஓடுகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் அடுக்கினான். சீமெந்துப் பைகள் களவு போகத் தொடங்கியபோது, காவலுக்கு அங்கேயே படுக்கிறேன் என்றான். மிஸ்ஸி யோசித்துச் சம்மதித்தார். நான் யோசிக்காமல் சம்மதித்தேன். நான் யோசிக்கவில்லை என்பதை என் மனைவி கவனித்தாள். ஆவணி முடியும்போது அவன் கடைசியாகக் குடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதத்தை அவன் அதற்கு முன் தாண்டியதில்லை.

கூரை முடிந்தது. அரசமரத்தை வெட்டி, வேருக்கு மருந்து வைத்து, சுவரைத் திரும்பக் கட்டினார்கள். மிச்சம் கக்கூஸ். தம்பி அதுவரை எதிர்வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். நாலைந்து பேர் தங்கும் வீட்டுக்கு அது சரிவராது. சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றிலிருந்து அளந்து பார்த்தார். மலக்குழி வெட்டத் தகுந்த இடம் வளவின் தென்மேற்கு மூலை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். கடல்நீரேரி பக்கத்தில் இருப்பதால், மாரி தொடங்கினால் அங்கே நாலடியில் தண்ணீர் வந்துவிடும். ஐப்பசிக்கு முதல் கிடங்கு வெட்டி, உள்ளுக்குக் கட்டி முடிக்க வேண்டும். அது முடியாமல் ஆட்களைச் சேர்க்க முடியாது, ஈரத்தில் ஒருவனை அங்கே தனியே படுக்கவிடவும் முடியாது என்று மிஸ்ஸி சொன்னார். முடியாவிட்டால் தம்பி மாரிக்கு என் பின்னறைக்கு வருவான். அதன் பிறகு எங்கேயும் போகமாட்டான்.

கிடங்குக்கு இடம் துப்புரவாக்கும்போது வேப்பமரத்தடிச் சருகுக்குள்ளிருந்து ஒரு சூலம் வந்தது. முழ உயரம், துருப்பிடித்தது. அதன் முன்னால் ஒரு தட்டைக் கல். மேசன் மண் கிளப்பிய அலவாங்கைக் கீழே வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

வளவு வைரவர், வீட்டு நிலத்தைக் காக்கிறவர். இது எனக்குப் புதிதாக இருந்திருக்கக் கூடாது. வீட்டுக்காரர் அனுப்பிய கடிதத்தில் மூன்று வரிகளில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. ஆதன வரியைக் கட்டுங்கள், மின்கட்டணத்தைக் கட்டுங்கள், வளவு வைரவருக்கு வருடம் ஒரு முறை மடை வையுங்கள். மூன்றாவது வரியை வாசித்துவிட்டு, படையல்தானே, பொங்கல், வடைமாலை, தேசிக்காய் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தேன். என்ன மடை என்று கேட்கவில்லை.

எதிர்வீட்டில் இளைப்பாறிய தபால்காரர் ஒருவர் இருந்தார். வீட்டுக்காரரின் தகப்பன் மடை வைத்த காலத்தில் கூடமாட நின்றவர். அவரிடம் கேட்டபோது விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். பொங்கல், அவித்த முட்டை, சுட்ட மீன், ஒரு சுருட்டு, ஒரு கால் போத்தல் சாராயம். வீட்டு ஆண்பிள்ளை கல்லில் ஊற்றுவார். மிச்சம் நின்றவர்களுக்கு.

சாராயத்துக்குப் பதிலாக இளநீரோ பாலோ வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"பால் வைக்கலாம்தான் ஐயா," என்றார் தபால்காரர். "அவர் பால் குடிக்கிற ஆளில்லையே."

மேசன் சிரிக்கவில்லை. வைரவருக்குக் கொடுக்கிறதைக் கொடுக்காமல் அவரின் காலடியில் கக்கூஸ் கிடங்கு வெட்ட முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். வேறு இரண்டு மேசன்மாரைக் கேட்டோம். முதலாமவர் வருவதாகச் சொல்லிவிட்டு, வழியில் தேத்தண்ணிக் கடையில் விஷயத்தைக் கேட்டுத் திரும்பிவிட்டார். மற்றவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. கோயில் ஐயரைக் கூட்டி வந்தேன். அவர் மரத்தையும் சூலத்தையும் எட்ட நின்று பார்த்து, அபிஷேகம் செய்யலாம், வடைமாலை சாத்தலாம், அதற்கு மேலே உள்ளது தன்னுடைய பகுதி இல்லை என்றார். ஒன்பது நாள்கள் வேலை நின்றது. தம்பி கழுவிய ஓடுகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். மேற்கே மழைக்கருக்கல் கட்டிக் கட்டிக் கலைந்தது.

வீட்டுக்காரரோடு வாட்ஸ்அப்பில் கதைத்தோம். அங்கே விடியற்காலை, தடித்த மேலங்கியோடு குசினியில் இருந்தார். மிஸ்ஸி வீட்டின் நோக்கத்தை முதலிலிருந்து விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்கடை விதி உங்களுக்கு, தங்கச்சி," என்றார். "அவர் உங்களுக்கு முதலே அங்கை இருக்கிறவர். மடை வைக்கேலாதெண்டால் திறப்பைத் திருப்பிக் குடுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

அழைப்பு முடிந்த பிறகு மிஸ்ஸி கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"வார்டிலை படுத்தவையும் இதைத்தான் சொல்லுவினம்," என்றார் என்னிடம். "மிஸ்ஸி, இது எனக்கில்லை, சாமிக்கு வாங்கினது எண்டு."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சாராயத்தை மேசன் வாங்கிவருவார். படலையால் வராமல் மதிலுக்கு மேலால் கொடுப்பார். வந்த உடனே மடை. முழுவதையும் கல்லில் ஊற்றிவிட வேண்டும், யாருக்கும் பங்கில்லை. வெறும் போத்தலையும் மேசனே கொண்டுபோய்விட வேண்டும். மிஸ்ஸி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பிரார்த்தனையை விட்டு, தான் தமக்கையைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். இதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். யார் ஊற்றுவது என்பதைப் பற்றி எங்களில் ஒருவரும் கதைக்கவில்லை. நான்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்குத் தபால்காரர் வாழையிலையைக் கல்லின் முன்னால் விரித்து, பொங்கலையும் முட்டையையும் மீனையும் வைத்தார். தம்பி தள்ளி, மணல் கும்பியருகே நின்றான். மேசனின் கையாள் மதிலுக்கு மேலால் ஒரு பேப்பர்ச் சுற்றை நீட்டினான். தபால்காரர் அதைப் பிரித்துக் கல்லின் பக்கத்தில் நிறுத்தினார்.

"வீட்டாள் வாங்கோ," என்றார்.

நான் முன்னால் போனேன்.

"நீங்கள் இஞ்சை படுக்கிறனீங்களோ?"

இல்லை என்றேன்.

"இந்த வளவுக்கை ஆர் படுக்கிறாரோ அவர்தான் வீட்டாள். விருந்தாளி ஊத்தேலாது."

யாரும் தம்பியைப் பார்க்கவில்லை. அது சரிவராது, மேசன் ஊற்றட்டும் என்றேன். தான் கூலிக்கு வந்தவன் என்றார் மேசன். அப்படியென்றால் நீங்களே ஊற்றுங்கள் என்று தபால்காரரிடம் சொன்னேன். தன் வீட்டில் தனக்கு வேறு வைரவர் இருப்பதாகச் சொன்னார். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். தம்பி சாரத்தில் கையைத் துடைத்தபடி எனக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"விடுங்கோ அண்ணை. நான் ஊத்திறன். கிடங்கு வெட்டட்டும்."

மூடியைத் திறந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். கட்டைவிரலும் சுட்டுவிரலும், ஒரே திருகல். பிறகு முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு போத்தலைக் கவிழ்த்தான். மூன்று தரம் விட்டு விட்டு ஊற்ற வேண்டுமாம். தபால்காரர் சொல்ல வாயெடுத்தார். அவன் நிறுத்தவில்லை. பகல் வெயிலில் காய்ந்த கல்லில் சாராயம் பட்டவுடன் மணம் எழும்பி எல்லோருடைய முகத்திலும் அடித்தது. போத்தல் வெறுமையான பிறகும் கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டிருந்தான். விளிம்பில் ஒரு சொட்டு நின்றது. அது விழும் வரைக்கும் நின்றான்.

கொஞ்சமாவது வைத்திருக்கலாம் என்று கையாள் முணுமுணுத்தான். மேசன் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கினான். தபால்காரர் சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் ஓரத்தில் வைத்தார், கற்பூரம் கொளுத்தினார், கும்பிட்டோம். எல்லாம் கால் மணித்தியாலத்துக்குள் முடிந்தது. மேசன் போத்தலைப் பேப்பரில் சுற்றி மோட்டார் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை காலை கிடங்கு வெட்ட வருவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். தபால்காரர் முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தம்பி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். சோப் போட்டுக் கழுவினான், மூக்கில் வைத்து மணந்து பார்த்தான், மண் போட்டுத் தேய்த்தான், திரும்பச் சோப் போட்டான். நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்றேன். நல்லாய்ச் செய்தாய் என்றும் சொன்னேன். அது அவனுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

"போகாதேங்கோ அண்ணை."

ஏன் என்று கேட்டேன்.

"கல்லு இன்னும் காயேல்லை." நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நேரம் சொல்வதுபோல அதைச் சொன்னான். "நான் தனிய நிண்டால் போய் நக்கிப்போடுவன்."

இரண்டு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டுபோய்க் கல்லில் ஊற்றினேன். வைரவர் என்ன நினைப்பார் என்பதை யோசிக்கவில்லை. மணம் கல்லை விட்டு மண்ணுக்குப் போனது. இன்னும் இரண்டு வாளி ஊற்றினேன். திரும்பி வந்தபோது அவன் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தான். இப்ப எப்படி என்று கேட்டேன். இப்பவும் அப்படித்தான் என்றான்.

அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்கு ஒரு சாரமும், தலையணையும், நான் தினமும் போடும் பிறசர்க் குளிசையும் ஓட்டோவில் கொடுத்துவிடும்படி மனைவியிடம் சொன்னேன். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. எத்தனை நாளைக்குக் குளிசை வைக்கட்டும் என்று மட்டும் கேட்டாள். தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டியோடு அனுப்பு என்றேன்.